தாலுகா ஆபீஸ் எழுத்தர் நடத்திய பல்கலைக்கழகம்

1928இல் பள்ளி இறுதித் தேர்வை முடித்த ஒரு பையன் திருப்பத்தூர் தாலுகா ஆபீசில் எழுத்தர் வேலைக்குச் சேர்ந்தான். வயது பதினாறு. அரசாங்க வேலை, மாதாமாதம் சம்பளம். அன்றைய வட ஆர்க்காட்டில் ஒரு சாதாரணக் குடும்பம் அதற்குமேல் ஆசைப்படாது. ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. வேலையை விட்டான். முருகைய முதலியார் என்ற தமிழறிஞரிடம் பாடம் கேட்டான். கல்லூரியில் சேராமல், தானே படித்து, 1935இல் வித்துவான் தேர்வு எழுதினான். மாநிலத்திலேயே முதலிடம். திருப்பனந்தாள் மடம் ஆயிரம் ரூபாய் பரிசு கொடுத்தது. அதே ஆண்டில் திருப்பத்தூர் நகராட்சி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர் ஆனான்.

அந்தப் பையன்தான் மு.வ. என்று தமிழ்நாடு அறிந்த மு. வரதராசன். வேலை பார்த்துக்கொண்டே 1939இல் பி.ஓ.எல்., 1944இல் எம்.ஓ.எல். முடித்தார். சங்க இலக்கியத்தில் இயற்கை குறித்து ஆராய்ந்து 1948இல் டாக்டர் பட்டம் பெற்றார். பச்சையப்பன் கல்லூரியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியர். 1961 முதல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையில் பேராசிரியர். 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். அந்தப் பதவியில் இருக்கும்போதே 1974 அக்டோபர் 10 அன்று மறைந்தார்.

திருப்பத்தூர்க்காரர்கள் மு.வ.வை ‘கரித்துண்டு’, ‘அகல் விளக்கு’ நாவல்களுக்காகக் கொண்டாடுகிறோம். பள்ளிக்கூடப் பையில் இருந்த திருக்குறள் தெளிவுரைக்காக நினைத்துக்கொள்கிறோம். ஒரு பல்கலைக்கழகத்தின் தலைவராக அவர் இருந்த அந்த மூன்றரை ஆண்டுகளைப் பற்றி மட்டும் அதிகம் பேசியதில்லை. இப்போது பேச வேண்டிய நேரம் வந்திருக்கிறது. தமிழ்நாட்டின் பல பல்கலைக்கழகங்களில் துணைவேந்தர் நாற்காலி காலியாகக் கிடக்கிறது. இனி அதில் உட்காரப்போகிறவர்கள் எதை முதல் வேலையாக எடுக்க வேண்டும் என்று மாணவர்களும் பெற்றோர்களும்தான் சொல்ல வேண்டும். ஜவ்வாது மலையடிவாரத்தில் இருந்து பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது: பல்கலைக்கழகத்தின் முதல் கடமை, அதன் வாசலுக்கு வர முடியாதவனிடம்தான்.

அஞ்சலில் போன பாடம்

மு.வ. பொறுப்பேற்றபோது மதுரைப் பல்கலைக்கழகத்துக்கு வயது ஐந்து. அதுவரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் விரிவாக்க மையமாக இருந்ததை 1966இல் தனிப் பல்கலைக்கழகமாக ஆக்கியிருந்தார்கள். மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டக் கல்லூரிகள் அதன்கீழ் வந்தன. முதல் துணைவேந்தர் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார். அவருக்குப் பிறகு மு.வ. ஒரு பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு துணைவேந்தர்களும் தமிழ்ப் பேராசிரியர்கள் என்பது அன்றைய தமிழ்நாட்டின் மனநிலையைக் காட்டுகிறது.

அந்த ஆண்டுகளில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று யோசித்துப் பார்க்க வேண்டும். காமராசர் ஆட்சியில், நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்தபோது, 1956இல் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். அந்தச் சோற்றைச் சாப்பிட்டு முதல் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகள் 1960களின் பிற்பகுதியில் பள்ளி இறுதி வகுப்பைத் தாண்டினார்கள். அத்தனை பேருக்கும் கல்லூரிகளில் இடம் இல்லை. இடம் இருந்தாலும் விடுதிக்குக் கட்டப் பணம் இல்லை. பலர் படிப்பை நிறுத்திவிட்டு ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களாக, எழுத்தர்களாக, கண்டக்டர்களாக, ஆலைத் தொழிலாளர்களாக ஆனார்கள். பெண்களுக்குக் கல்யாணம் ஆனது. படிக்கும் ஆசை மட்டும் யாரையும் விட்டுப் போகவில்லை.

1971இல் மதுரைப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் இதற்கு முன்னோடி அதுதான். இந்தியாவில் டெல்லிப் பல்கலைக்கழகம் 1962இல் இந்த வழியைத் திறந்திருந்தது. இங்கிலாந்தில் 1969இல் உருவான திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தன் முதல் மாணவர்களுக்குப் பாடம் நடத்தத் தொடங்கியதும் இதே 1971 ஜனவரியில்தான். அங்கே அதற்கு பி.பி.சி. தொலைக்காட்சியும் வானொலியும் துணை நின்றன. மதுரைக்குத் துணை நின்றது தபால்காரரின் சைக்கிள்.

அச்சடித்த பாடங்கள் தபாலில் வரும். விடைத்தாள்களை எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். விடுமுறைக் காலத்தில் ஏதாவது ஒரு கல்லூரியில் நேர்முக வகுப்பு. பக்கத்து நகரத்தில் தேர்வு மையம். இவ்வளவுதான் ஏற்பாடு. ஆனால் இதன் பலன் பெரியது. இடைநிலை ஆசிரியர் பட்டதாரி ஆசிரியர் ஆனார். எழுத்தருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. இரண்டு பிள்ளைகள் பெற்ற பிறகு பி.ஏ. முடித்த பெண்கள் ஆயிரக்கணக்கில் உருவானார்கள். இன்று ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் உள்ள எந்தத் தமிழ்க் குடும்பத்திலும் ‘மதுரை கரஸ்’ஸில் படித்தவர் ஒருவராவது இருப்பார்.

இந்தத் திட்டத்தை மு.வ. ஒருவரே யோசித்துக் கொண்டுவந்தார் என்று சொல்ல மாட்டேன். பல்கலைக்கழகத்தில் எந்த முடிவும் ஆட்சிக்குழு, கல்விக்குழு, அரசு, பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி என்று பல கைகள் மாறித்தான் வரும். ஆனால் தொடங்கிய திட்டத்தைக் காலூன்ற வைக்க, அதன் மாணவனை உள்ளுக்குள் அறிந்த ஒருவர் மேலே இருக்க வேண்டும். திருப்பத்தூரில் வேலைக்கு நடுவே தனியாகப் படித்து, தேர்வு மையத்துக்குப் போய் எழுதி, பட்டங்களைச் சேர்த்த மனிதர் அவர். கல்லூரி வளாகம் இல்லாமலும் கல்வி உண்டு என்பதைத் தன் வாழ்க்கையிலேயே கண்டவர். அஞ்சல்வழி மாணவனை இரண்டாந்தர மாணவன் என்று நினைக்க அவருக்கு வாய்ப்பே இல்லை.

இன்னொன்றும் உண்டு. ஆசிரியர் எதிரில் இல்லாதபோது புத்தகமே ஆசிரியர் ஆகிறது. அந்தப் புத்தகத்தின் தமிழ் தெளிவாக இருக்க வேண்டும். 1949இல் வந்த தெளிவுரையில் மு.வ. எழுதிக் காட்டியது அந்தத் தமிழ்தான்: ஒரு குறளுக்கு ஒரு வாக்கியம், படிப்பவன் அகராதியைத் தேடிப் போக வேண்டாம். தம்பிக்கும் அன்னைக்கும் அவர் எழுதிய கடித வடிவ நூல்களும் அப்படியே. அஞ்சலில் கல்வி அனுப்புவது எப்படி என்று துணைவேந்தர் ஆவதற்கு வெகுகாலம் முன்பே அவர் பழகியிருந்தார் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

அமெரிக்காவின் ஊஸ்டர் கல்லூரி 1972இல் அவருக்கு டி.லிட். பட்டம் அளித்தது. சாகித்திய அகாதெமிக்காகத் தமிழ் இலக்கிய வரலாறு எழுதியதும் இந்தக் காலத்தில்தான். நிர்வாகக் கோப்புகளுக்கு நடுவிலும் எழுத்தை விடவில்லை. அறுபத்திரண்டு வயதில் உடல் தோற்றுவிட்டது.

பிறகு நடந்தது

அஞ்சல்வழிக் கல்வி வெற்றி பெற்றது. வெற்றியோடு பணமும் வந்தது. அந்த இடத்தில்தான் நோக்கம் திசைமாறியது. ஏழை மாணவனுக்காகத் திறந்த வழி, காலப்போக்கில் பல்கலைக்கழகங்களின் கறவை மாடு ஆனது. மதுரை மட்டும் என்றில்லை, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தொலைநிலைக் கல்வி இயக்ககம் திறந்தது. மாநில எல்லையைத் தாண்டிப் படிப்பு மையங்களைப் பரப்பியது. பாடநூல்கள் ஆண்டுக்கணக்கில் திருத்தப்படாமல் அச்சாகின. அப்புறம் யூஜிசியின் கட்டுப்பாடுகள் வந்தன, எல்லைகள் சுருங்கின, வருமானம் விழுந்தது. 2024இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின், அதாவது இன்றைய மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்களும் ஊழியர்களும் ஓய்வூதியர்களும் மாத ஊதியத்துக்காகப் போராட வேண்டிய நிலை. அதே ஆண்டில் துணைவேந்தர் பதவி விலகினார். மு.வ. அமர்ந்த நாற்காலியின் வேலையைக் குழு பார்க்கத் தொடங்கியது.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் அதற்கும் முன்பே, 2022இல். தேடல் குழுவில் யூஜிசி பிரதிநிதி இருக்க வேண்டுமா, நியமிப்பது ஆளுநரா மாநில அரசா என்ற வழக்கில் அந்த நாற்காலிகள் நிரப்பப்படாமல் நின்றன. சட்டமன்றம் 2022இல் மசோதாக்களை நிறைவேற்றியது. உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 8 அன்று தீர்ப்பு சொன்னது. அந்த மசோதாக்கள் சட்டமான பிறகு, மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் புதிய சட்டத்தின் முக்கியப் பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. இந்த வழக்கின் சட்ட நுணுக்கங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். யார் நியமித்தாலும் சரி, நியமிக்கப்பட்டவர் காலையில் வந்து முதலில் எந்தக் கோப்பைப் பிரிப்பார் என்பதில்தான் என் அக்கறை.

சேர்க்காடு எவ்வளவு தூரம்?

திருப்பத்தூர் பழைய ஊர். 1790களில் பாராமகால் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக நிர்வகித்த கேப்டன் அலெக்சாண்டர் ரீடின் தலைமையிடம் இது. சேலம் மாவட்டத்தில் இருந்து 1911இல் வட ஆர்க்காட்டுக்கு வந்தது. 2019 நவம்பர் 28 முதல் தனி மாவட்டம். சந்தனக் கிடங்குக்குப் பேர் போனது. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்சாலைகள் இந்த மாவட்டத்தில்தான், ஏலகிரியும் இங்கேதான், ஜவ்வாது மலையின் மேற்குப் பகுதியும் இங்கேதான்.

கல்வியும் வைத்தியமும் இந்த ஊருக்குப் பெரும்பாலும் தாமே நடந்து வந்திருக்கின்றன. 1921இல் சவரிராயன் ஏசுதாசன் என்ற தமிழரும் எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரரும், இருவரும் மருத்துவர்கள், கிறிஸ்துகுல ஆசிரமத்தை இங்கே அமைத்தார்கள். பெரிய நகரங்களில் வசதியாக இருந்திருக்கக்கூடியவர்கள். ஏழைகளுக்கு நடுவே வாழ்ந்து வைத்தியம் பார்த்தார்கள். கோயிலைக்கூடத் திராவிடக் கட்டடக்கலையில் கட்டினார்கள். 1951இல் சலேசிய சபையினர் தூய நெஞ்சக் கல்லூரியைத் தொடங்கினார்கள். அதற்கு முன்பு இந்தச் சுற்றுவட்டாரப் பிள்ளை கல்லூரிக்குப் போக வேண்டுமென்றால் 1919இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி, இல்லையென்றால் வேலூர் ஊரிஸ் கல்லூரி. தூய நெஞ்சக் கல்லூரி வந்த பிறகு கந்திலி, நாட்றம்பள்ளி, ஆலங்காயம், ஊத்தங்கரைப் பக்கத்து விவசாயிகளின் பிள்ளைகள் அரைநாள் பயணத்துக்குள் பட்டம் படிக்க முடிந்தது. ஒரு கல்லூரியை எந்த ஊரில் வைக்கிறோம் என்பதே எத்தனையோ பேரின் தலையெழுத்தை மாற்றுகிறது.

பல்கலைக்கழகத்தைப் பொறுத்தவரை, திருப்பத்தூர் எப்போதும் கடைக்கோடிதான். முதலில் சென்னைப் பல்கலைக்கழகம். 2002இல் அதன் வேலூர் முதுநிலை மையத்தில் இருந்து திருவள்ளுவர் பல்கலைக்கழகம் பிறந்தது. வேலூர்க் கோட்டைக்குள் இருந்த அது பிறகு சேர்க்காட்டில் தனி வளாகத்துக்குப் போனது. ஒரு காலத்தில் கடலூர், விழுப்புரம் கல்லூரிகளும் அதன்கீழ் இருந்தன. விழுப்புரத்தில் புதுப் பல்கலைக்கழகம் 2021இல் அறிவிக்கப்பட்டு அதே ஆண்டிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்ட பிறகு, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய நான்கு மாவட்டங்களின் கல்லூரிகள் திருவள்ளுவருக்கு மிஞ்சின.

திருப்பத்தூரில் இருந்து வேலூருக்கே சுமார் 90 கிலோமீட்டர். சேர்க்காடு அதையும் தாண்டி, ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது. மதிப்பெண் சான்றிதழில் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. மறுமதிப்பீடு முடிவு வரவில்லை. தற்காலிகச் சான்றிதழ் வேண்டும். வெளிமாநிலத்தில் சேர இடப்பெயர்வுச் சான்றிதழ் வேண்டும். இப்படி எந்தத் தேவைக்கும் ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு ஆகும், சில சமயம் இரவு தங்க வேண்டிவரும். நகரத்து மாணவனுக்கு இது ஒரு நாள் அலைச்சல். ஜவ்வாது மலைமேல் உள்ள புதூர்நாட்டில் இருந்து வருபவனுக்கு முந்தின நாளே மலையை விட்டு இறங்க வேண்டிய பயணம்.

ஆகவே துணைவேந்தருக்கு என் முதல் வேண்டுகோள் மிகச் சாதாரணமானது, கேட்பதற்குப் பெருமையாகவே இருக்காது: மாவட்டத்துக்கு ஒரு மாணவர் சேவை மையம். திருத்தம், சான்றிதழ், கட்டணம், முறையீடு எல்லாம் திருப்பத்தூரிலேயே முடிய வேண்டும். விண்ணப்பம் எந்த மேசையில் நிற்கிறது என்று கைப்பேசியில் தெரிய வேண்டும். எத்தனை நாளில் முடியும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். ஆராய்ச்சிப் பூங்காவுக்கும் சர்வதேச ஒப்பந்தத்துக்கும் முன்னால் இது வர வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தன் வேலையை மரியாதையாக முடித்துத் தராத ஒரு நிறுவனத்தின் மீது ஏழைக்கு நம்பிக்கை பிறக்காது.

மலைமேல்

ஜவ்வாது மலையின் திருப்பத்தூர்ப் பக்கத்தில் புதூர்நாடு, நெல்லிவாசல் நாடு, புங்கம்பட்டு நாடு என்று மூன்று நாடுகள். மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் பழங்குடிகளில் எண்ணிக்கையில் முதலில் நிற்பவர்கள் இவர்கள்தான்: மூன்றரை லட்சத்துக்கும் மேல், சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை, ஏலகிரி, ஜவ்வாது என்று கிழக்குத் தொடர்ச்சி மலை முழுக்கப் பரவியவர்கள். சாமை, புளி, தேன், கடுக்காய், பலா இவர்களின் பொருளாதாரம். மழை பொய்த்தால் கீழே இறங்கிக் கூலி வேலை.

தமிழ்நாட்டில் உயர்கல்விக்குப் போகும் வயதினரில் 47 சதவீதம் பேர் சேர்கிறார்கள் என்று 2021-22ஆம் ஆண்டின் ஒன்றிய அரசுக் கணக்கு சொல்கிறது. நாட்டின் சராசரி 28.4. நாம் பெருமைப்பட வேண்டிய எண்தான். அந்தப் பெருமைக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும்: 2011இல் மாநிலத்தின் எழுத்தறிவு 80 சதவீதம், மாநிலத்தின் பழங்குடியினருக்கு 54 சதவீதம். இடையில் இருக்கும் 26 புள்ளிகளும் மலைகளில்தான் இருக்கின்றன.

மேலே பள்ளிக்கூடம் இல்லாமல் இல்லை. பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. வனத்துறை நடத்தும் பள்ளிகள் இருக்கின்றன. புதூர்நாட்டில் வனத்துறையின் மேல்நிலைப் பள்ளியே உண்டு. திருவண்ணாமலை மாவட்டப் பகுதியான ஜமுனாமரத்தூரில் அரசுக் கலை அறிவியல் கல்லூரியும் வந்துவிட்டது. சிக்கல் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த அந்த இரண்டு மாதங்களில் இருக்கிறது. ஏப்ரல், மே. தேர்வு முடிந்து பிள்ளை சும்மா இருக்கும் காலம். அந்த நேரத்தில்தான் மேஸ்திரி வருகிறார். திருப்பூர் பனியன் கம்பெனி, கர்நாடகக் காப்பித் தோட்டம், கட்டட வேலை, முன்பணம். கல்லூரி விண்ணப்பம் இணையத்தில் நிரப்ப வேண்டும், சாதிச் சான்றிதழ் வேண்டும், வருமானச் சான்றிதழ் வேண்டும், முதல் பட்டதாரிச் சான்றிதழ் வேண்டும், கைப்பேசிக்கு ஓ.டி.பி. வர டவர் வேண்டும். முன்பணம் வீடு தேடி வருகிறது. கல்லூரி வீடு தேடி வருவதில்லை.

2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதிக்கு அருகே சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரப் போலீஸ் இருபது பேரைச் சுட்டுக் கொன்றது. இறந்தவர்களில் பலர் ஜவ்வாது மலையைச் சேர்ந்த தொழிலாளர்கள். செம்மரக் கடத்தலில் பணம் பார்த்த முதலாளிகள் யாரும் அந்தக் காட்டில் சாகவில்லை. கூலிக்குப் போனவர்கள் செத்தார்கள். இந்த மலையின் இளைஞர்கள் உயர்கல்விக்கு வராமல் போனால் எங்கே போகிறார்கள் என்ற கேள்விக்கு அந்த நாள் ஒரு விடை. நான்கு மாவட்டங்களுக்குப் பொறுப்பான எந்தத் துணைவேந்தரும் இதைத் தன் தொழிலுக்கு வெளியே உள்ள செய்தி என்று ஒதுக்கிவிடக் கூடாது.

இன்னொரு விடையும் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் ஜவ்வாது மலைப் பகுதியின் ஸ்ரீபதி என்ற மலையாளிப் பழங்குடிப் பெண் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றார். வயது இருபத்து மூன்று. ஏலகிரி மலையில் பள்ளிப் படிப்பு, பிறகு சட்டம். பிரசவமான சில நாட்களிலேயே சென்னைக்குப் பயணம் செய்து தேர்வு எழுதினார். தமிழ்நாடே வாழ்த்தியது. அவருடைய மன உறுதிக்கு எல்லோரும் தலைவணங்க வேண்டும். ஆனால் அடுத்த பெண்ணுக்கும் அவ்வளவு அசாதாரண உறுதி இருந்தால்தான் மேலே வர முடியும் என்று விட்டுவிட்டால், நிறுவனம் தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள். சாதாரணத் திறமையும் சாதாரண உழைப்பும் உள்ள மலைப் பிள்ளை சாதாரணமாகப் பட்டம் வாங்க வேண்டும். கீழே உள்ள பிள்ளைகள் அப்படித்தான் வாங்குகிறார்கள்.

எனவே மே மாதத்தில் பல்கலைக்கழகம் மலை ஏற வேண்டும். இணைப்புக் கல்லூரி முதல்வர்களும், மாவட்ட வருவாய் அலுவலர்களும், பழங்குடியினர் நலத்துறையும் புதூர்நாட்டிலும் நெல்லிவாசலிலும் முகாம் போட்டு, சான்றிதழ், விண்ணப்பம், விடுதி இடம், கட்டணச் சலுகை எல்லாவற்றையும் ஒரே மேசையில் முடித்துத் தர வேண்டும். புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கிறது. அந்தப் பணம் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் வரும். சேர்வதற்கு முந்திய அந்தச் சில வாரங்களின் செலவை யாராவது தாங்க வேண்டும். அதற்கு ஒரு சிறு நிதி ஒதுக்குவது ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பெரிய சுமை ஆகாது. தேர்வு அட்டவணை போடும்போது புளி அடிக்கும் பருவத்தையும் சாமை அறுவடையையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இடையில் நின்றவர்களின் பட்டியலை ஆண்டுதோறும் எடுத்து, ஒவ்வொருவரையும் தேடிப் போகலாம். அப்படி நின்றவர்களுக்காக மலைமேலேயே ஒரு படிப்பு மையமும் தேர்வு மையமும் வைக்கலாம். 1971இல் தபால் வழியாக முடிந்தது, ஊருக்கு ஊர் கேபிள் வரும் இந்தக் காலத்தில் முடியாதா?

யாருக்கு எத்தனை மதிப்பெண்

துணைவேந்தர்கள் ஏன் இப்படி யோசிப்பதில்லை என்று அவர்களை மட்டும் குறை சொல்வதில் நியாயம் இல்லை. அவர்களுக்கும் யாரோ மார்க் போடுகிறார்கள். 1994இல் வந்த நாக் தரமதிப்பீடு. 2016 முதல் வெளிவரும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை. அந்தத் தரவரிசையில் கற்பித்தல் வளங்களுக்கு நூற்றுக்கு 30, ஆராய்ச்சிக்கு 30, பட்டம் பெறுவோரின் நிலைக்கு 20. எல்லோரையும் உள்ளடக்கும் பணிக்கு 10. மீதி 10, நிறுவனத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு. அதாவது பின்தங்கியவர்களை உள்ளே கொண்டுவருவதற்கும், பெயர் வாங்குவதற்கும் ஒரே எடை.

அந்த உள்ளடக்கும் பகுதிக்குள்ளும் வெளிமாநில, வெளிநாட்டு மாணவர்களைச் சேர்ப்பதற்கு 30 பங்கு. சமூகத்திலும் பொருளாதாரத்திலும் பின்தங்கிய மாணவர்களுக்கு 20 பங்கு. நெல்லிவாசலில் இருந்து இறங்கி வரும் முதல் தலைமுறை மாணவியைவிட, இன்னொரு மாநிலத்தில் இருந்து ரயிலில் வரும் மாணவனுக்குத் தரவரிசையில் அதிக மதிப்பு. ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. தமிழ்நாடு தனக்கென ஓர் அளவுகோலை வகுக்க வேண்டும்: எத்தனை வட்டாரங்களில் இருந்து முதல் தலைமுறையினர் வந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பாதியில் நிற்காமல் பட்டம் வாங்கினார்கள். துணைவேந்தரின் மூன்றாண்டு முடிவில் இந்த இரண்டு எண்களையும் அச்சிட்டு வெளியிட வேண்டும்.

ஆராய்ச்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆராய்ச்சிக்கு இந்த மாவட்டத்தைவிட வளமான களம் வேறு எங்கே? திருப்பத்தூர் வட்டத்துப் பையம்பள்ளியில் 1960களில் தொல்லியல் துறை தோண்டிப் புதிய கற்கால மக்களின் வாழ்விடத்தைக் கண்டது. ஜவ்வாது மலையில் கல்திட்டைகளும் நடுகற்களும் பரவிக் கிடக்கின்றன. தூய நெஞ்சக் கல்லூரியின் தமிழ்த்துறையினர் அவற்றை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து வெளியே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பாலாற்றில் தோல் கழிவு கலந்ததற்காக வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் அடித்தளம். மாசுபடுத்துபவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை அது நிலைநாட்டியது. ஆறு இன்னும் மீளவில்லை. மண்ணும் கிணற்று நீரும் எந்த நிலையில் இருக்கின்றன என்று ஆண்டுதோறும் சோதித்து ஊர் ஊராக வெளியிடும் வேலையை ஆம்பூரும் வாணியம்பாடியும் தன் எல்லைக்குள் இருக்கும் பல்கலைக்கழகத்தைவிட வேறு யார் செய்ய முடியும்?

மலைமேல் காவலூரில், கடல் மட்டத்தில் இருந்து 725 மீட்டர் உயரத்தில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு ஆய்வகம் இருக்கிறது. 1960களின் கடைசியில் ஒரு சிறு தொலைநோக்கியோடு தொடங்கிய இடம். 1977இல் யுரேனசின் வளையங்களைக் கண்டறிந்ததில் அதற்கும் பங்கு உண்டு. 1986இல் அங்கே நிறுவிய 2.34 மீட்டர் தொலைநோக்கி இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டியது. 1988இல் அங்கிருந்து கண்ட சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயரிட்டார்கள். இவ்வளவும் மலையாளி ஊர்களின் நடுவே நடந்திருக்கிறது. ஆலங்காயம் பள்ளிப் பிள்ளையும் திருப்பத்தூர்க் கல்லூரியின் இயற்பியல் மாணவியும் அந்தக் கோபுரத்துக்குள் பயிற்சி மாணவர்களாக நுழைய ஒரு ஒப்பந்தம் போதும். ஐரோப்பாவுக்குப் பறந்து கையெழுத்திடும் ஒப்பந்தங்களைவிட இது பக்கத்தில் இருக்கிறது, பலனும் அதிகம்.

இவை எதற்கும் பெரும் பணம் வேண்டியதில்லை. முன்னுரிமைப் பட்டியலில் மேலே வர வேண்டும், அவ்வளவுதான். மு.வ. போல ஒருவர் மறுபடி வருவார் என்று காத்திருக்க வேண்டியதும் இல்லை. அவர் எதைக் கண்டாரோ அது யார் கண்ணுக்கும் தெரியக்கூடியதுதான்.

பல்கலைக்கழகத்தின் ஆட்சிப்பேரவையில் கல்லூரி முதல்வர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இடம் உண்டு. அது கூடும்போது கேள்வி கேட்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. வாசகர்களே, உங்கள் பிள்ளை படிக்கும் கல்லூரியின் முதல்வரைப் பாருங்கள். புதூர்நாட்டில் இருந்து இந்த ஆண்டு எத்தனை பேர் சேர்ந்தார்கள், போன ஆண்டு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் ஆண்டுக்கு வந்தார்கள் என்று கேளுங்கள். அந்த எண்ணைப் பேரவையில் எழுந்து சொல்லச் சொல்லுங்கள்.